யூரிக் ஆசிட் 8 வந்தால் கவுட்டா? லேப் கவுண்டரில் கேட்கிற கேள்விகளும் என் பதில்களும்

மதுரையில், வைகைக்கு வடகரையில் ஒரு சின்ன லேபில் பதினேழு வருஷமாக ரத்தம் எடுக்கிறேன். ரிப்போர்ட்டை வாங்கிய கையோடு கவரைப் பிரித்து, தடித்த எழுத்தில் இருக்கிற எண்ணின் மேல் விரலை வைத்து "இது என்னண்ணே, கூட இருக்கு?" என்று கேட்காதவர்கள் குறைவு. அதிலும் யூரிக் ஆசிட் என்றால் கேள்வி நிற்கவே நிற்காது. நான் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்கே கவுட் இருக்கிறது, என் அப்பாவுக்கும் இருந்தது, என் மெஷினை நம்பி நானே ஏமாந்த கதையும் ஒன்று இருக்கிறது. அதனால் கவுண்டரில் நின்றபடி அரைகுறையாகச் சொல்கிற பதில்களை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதிவைக்கிறேன்.

கவுட் என்றால் என்ன? வாதமா, வாயுவா?

நம் ஊரில் மூட்டில் எது வலித்தாலும் வாதம், வாயுப்பிடிப்பு என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவோம். கவுட் அதில் ஒரு தனி வகை. உடம்பில் செல்கள் அழிந்து புதுசாகிறபோது பியூரின் என்ற பொருள் உடைகிறது, சாப்பாட்டிலிருந்தும் கொஞ்சம் வந்து சேர்கிறது. அது உடைந்து உடைந்து கடைசியில் மிஞ்சுவதுதான் யூரிக் ஆசிட். பெரும்பகுதியைக் கிட்னி சிறுநீரில் தள்ளிவிடும், மிச்சம் குடல் வழியாகப் போய்விடும். 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 6.8 மில்லிகிராம் வரைதான் அது கரைந்து நிற்கும். அதைத் தாண்டி மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் இருந்தால் மூட்டுக்குள் ஊசி ஊசியான உப்புப் படிகமாக இறங்க ஆரம்பிக்கும். இறங்குகிறபோது ஒன்றும் தெரியாது. ஒருநாள் வெள்ளை அணுக்கள் அந்த ஊசிகளைக் கிருமி என்று நினைத்துப் பாயும் பாருங்கள், அந்தச் சண்டைதான் நம் வலி.

யூரிக் ஆசிட்டைக் கண்ணால் பார்க்க ஆசை இருந்தால் வீட்டுச் சுவரோரம் தேடுங்கள். பல்லி எச்சத்தின் நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்குமே, அதுதான். ஆடு, மாடு, நாயெல்லாம் யூரிகேஸ் என்ற என்சைமை வைத்து இதை மேலும் உடைத்துக் கரைத்துவிடும். மனிதனுக்கு அந்த என்சைம் பரிணாமத்தில் எங்கேயோ தொலைந்துபோனது. இதில் ஒரு வேடிக்கை: உங்கள் ரத்தத்தில் யூரிக் ஆசிட்டை அளக்க நான் மெஷினில் ஊற்றுகிற மருந்தில் இருப்பதும் அதே யூரிகேஸ்தான். உடம்புக்குள் இருந்திருந்தால் என் கடைக்கே நீங்கள் வரவேண்டியதில்லை.

அதென்ன கால் கட்டைவிரலையே பிடிக்கிறது?

முதல் தாக்குதல் பாதிப்பேருக்கு அங்கேதான் வரும். உடம்பிலேயே சூடு குறைந்த இடங்களில் பாதம் ஒன்று, சூடு குறைந்தால் கரைசலில் இருப்பது சீக்கிரம் படியும். அதோடு நடக்கும்போது மொத்த பாரமும் அந்த மூட்டின் மேல்தான் விழுகிறது. கட்டைவிரலை விட்டால் கணுக்கால், பாதத்தின் மேல்புறம், முழங்கால். நாள்பட்டவர்களுக்குக் கை விரல், மணிக்கட்டு, முழங்கை.

வலி எப்படி இருக்கும்?

என் கதையையே சொல்கிறேன். சொந்தக்காரர் ஒருவர் பாண்டி கோயிலில் கிடா வெட்டினார், சித்திரை மாச வெயில், காலையிலிருந்து பந்தல் வேலை, தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை, மத்தியானம் ஈரலும் குடலும் எலும்புக் குழம்பும், சாயங்காலம் பங்காளிகளோடு பீர். ராத்திரி இரண்டு மணி வாக்கில் வலது கால் கட்டைவிரலில் யாரோ ஆணியை வைத்துத் திருகுவது மாதிரி முழிப்பு வந்தது. விடிவதற்குள் விரல் அடி உப்பி, தக்காளிப்பழம் மாதிரி சிவந்து, தோல் மினுமினுவென்று இருந்தது. போர்வை நுனி பட்டால் உயிர் போனது. ஃபேன் காற்றுகூட ஆகவில்லை, என் வீட்டுக்காரி அதை நிறுத்திவிட்டு விசிறியைத் தூரத்தில் பிடித்தபடி வீசினாள்.

இதுதான் அச்சு அசல் கவுட்டின் முகம். நடுராத்திரியிலோ விடியற்காலையிலோ கிளம்பும், ஒரு நாளுக்குள் உச்சத்துக்குப் போகும், ஒரே மூட்டில் வரும், சூடும் சிவப்பும் வீக்கமும் சேர்ந்தே இருக்கும். மருந்தே இல்லாவிட்டாலும் ஒன்று, இரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடும். அடங்குகிறபோது அந்த இடத்துத் தோல் செதில் செதிலாக உரியும். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்து போவோம். இந்தத் தானே அடங்குகிற குணம்தான் கெடுதல், ஏனென்றால் கடைசியாக எதைத் தேய்த்தோமோ அந்தத் தைலத்துக்குப் பெயர் கிடைத்துவிடும். நானும் தெருவில் சுளுக்கு வழிக்கிறவரிடம்தான் முதலில் போனேன். அவர் விளக்கெண்ணெய் போட்டு விரலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். அதைப் பற்றி மேலே எழுத விருப்பமில்லை.

"ரிப்போர்ட்ல 8 வந்திருக்குண்ணே. எனக்கு கவுட்டா?"

மூட்டு எப்போதாவது இப்படி வீங்கிச் சிவந்திருக்கிறதா? இல்லையென்றால் உங்களுக்கு இருப்பது யூரிக் ஆசிட் கூடுதல், கவுட் இல்லை. இரண்டும் வேறு வேறு. யூரிக் ஆசிட் கூடியிருக்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் கவுட் வருவதே இல்லை. 10-க்கு மேல் இருப்பவர்களில்கூட 15 வருஷத்தில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான் வருகிறது. அதனால் வலியே இல்லாத ஆளுக்கு எண்ணைப் பார்த்த உடனே மாத்திரை ஆரம்பிப்பதைப் பொதுவாகச் சொல்வதில்லை. கிட்னி, பிரஷர், சுகர், எடை இவற்றைப் பார்க்கச் சொல்வார்கள், அதுதான் சரி.

இன்னொன்று, மாஸ்டர் செக்கப் என்று ஐம்பது டெஸ்டை ஒன்றாக எடுத்தால் அதில் யூரிக் ஆசிட்டும் வந்துவிடும். குதிகால் வலி, முதுகு வலி, முழங்கால் தேய்மானம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு எண்ணின் தலையில் பழி விழும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்தி, நாலு அடி நடந்ததும் குறைகிறது என்றால் அது பெரும்பாலும் உள்ளங்காலில் இருக்கிற தசைநார் சமாச்சாரம். யூரிக் ஆசிட் பாவம், அங்கே இல்லை.

"நார்மல்னு வந்திருக்கு. அப்ப கவுட் இல்லைதானே?"

இங்கேதான் நான் விழுந்தேன். வீங்கின காலோடு நொண்டி நொண்டி லேபுக்குப் போய், என் கையில் நானே ஊசி போட்டு ரத்தம் எடுத்து மெஷினில் ஓட்டினேன். 6.4. எங்கள் ரிப்போர்ட்டில் ஆண்களுக்கு 7.2 வரை நார்மல். ஆக கவுட் இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன். அதை வைத்துக்கொண்டு போனதால் முதலில் பார்த்த இடத்தில் தோலில் கிருமி என்று ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். வலி பத்தாம் நாள் தானாகப் போனது. மூன்று வாரம் கழித்து வேறு ஒரு டாக்டர் சொல்லித் திரும்ப ஓட்டினேன், 8.9.

மெஷின் தப்பில்லை. வலி கிளம்பியிருக்கிற நேரத்தில் சிலருக்கு யூரிக் ஆசிட் ரத்தத்தில் இறங்கிவிடும், அந்த அழற்சி வேகத்தில் கிட்னி கூடுதலாக வெளியே தள்ளும் என்பது ஒரு காரணம். அதனால் தாக்குதலின் நடுவில் எடுத்த நார்மல் ரிப்போர்ட்டை வைத்து கவுட் இல்லை என்று சொல்லவே முடியாது. வலி முழுக்க அடங்கி இரண்டு வாரமாவது கழித்து இன்னொரு தடவை எடுக்க வேண்டும். எடுக்கிறபோது கிரியேட்டினினும் சேர்த்து எடுங்கள், கிட்னி எப்படி இருக்கிறது என்பது தெரியாமல் யூரிக் ஆசிட்டை மட்டும் பார்ப்பது பாதி படம்தான்.

பின்னே எப்படித்தான் உறுதி செய்வது?

வீங்கிய மூட்டில் ஊசி போட்டுத் துளி நீரை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் அசல் பரிசோதனை. சாதாரண மைக்ராஸ்கோப் இல்லை, துருவ ஒளி மைக்ராஸ்கோப். அதில் யூரேட் படிகம், அதாவது அந்த யூரிக் ஆசிட் உப்பு, இரண்டு பக்கமும் கூரான ஊசியாக, ஒளி ஒரு திசையில் மஞ்சளாகவும் திருப்பினால் நீலமாகவும் மின்னும். மெக்கார்ட்டி, ஹாலண்டர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1961-இல் இந்த முறையைக் காட்டினார்கள், இன்றைக்கும் இதற்கு மேல் சாட்சி கிடையாது. வெள்ளை அணுவுக்குள்ளேயே ஒரு ஊசி குத்திக்கொண்டு நிற்பதைப் பயிற்சி வகுப்பில் ஒருமுறை பார்த்தேன், ஈட்டி பாய்ந்த பன்றி மாதிரி இருந்தது. எனக்கு வந்தது ஏன் அப்படி வலித்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

எங்களைப் போன்ற சின்ன லேபில் அந்த மைக்ராஸ்கோப் இருக்காது. மாதிரியை எடுத்த உடனே பார்ப்பது நல்லது. பாட்டிலில் ஃபார்மலின் ஊற்றி அனுப்பினால் படிகம் கரைந்தே போய்விடும், பிறகு எத்தனை பெரிய நிபுணர் பார்த்தாலும் "ஒன்றும் இல்லை" என்றுதான் வரும். மூட்டு நீர் எடுக்கச் சொன்னால் பயந்து ஓடாதீர்கள். வீங்கி இறுகிக் கிடக்கிற மூட்டிலிருந்து கொஞ்சம் நீரை எடுத்தாலே வலி பாதி விட்டுவிடும்.

நீர் எடுக்க வழியில்லை என்றால் டாக்டர் கதையைக் கேட்டே முடிவுக்கு வருவார்: ராத்திரி திடீரென்று வந்ததா, கட்டைவிரலா, இதற்கு முன்னாடி இப்படி வந்து தானே போயிருக்கிறதா, பிரஷர் உண்டா. அதனால்தான் வீங்கியிருக்கிறபோதே போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். டோக்கன் கிடைத்து டாக்டரைப் பார்க்கிற அன்றைக்குக் கால் பளிங்கு மாதிரி இருக்கும்.

எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்தால் தெரியுமா?

ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் வீக்கத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. வருஷங்கள் ஓடி எலும்பை அரித்த பிறகுதான் ஓரத்தில் கடித்த மாதிரி பள்ளம் தெரியும். அல்ட்ராசவுண்டில் குருத்தெலும்பின் மேல் படிகம் படிந்து இரட்டைக் கோடாகத் தெரியும், பார்க்கத் தெரிந்தவர் பார்த்தால் அது நல்ல துப்பு. இரட்டை ஆற்றல் சிடி என்று ஒன்று இருக்கிறது, படிகத்தைத் தனி நிறத்தில் காட்டும். எல்லா ஊரிலும் கிடையாது, எல்லோருக்கும் தேவையும் இல்லை.

கவுட் மாதிரியே இருக்கிற வேறு நோய்கள்?

ஒன்றை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரே மூட்டு சூடாக வீங்கி, கூடவே குளிர் காய்ச்சல் இருந்தால் அது மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம். அது அவசரம். சில நாளிலேயே மூட்டைத் தின்றுவிடும். ஏற்கெனவே கவுட் உள்ளவர்களுக்கும் வரலாம், அதனால் "வழக்கமாக வருவதுதானே" என்று வீட்டில் கிடக்கக்கூடாது. சுகர்காரர்கள் இரட்டிப்பு உஷாராக இருக்க வேண்டும். பெரியாஸ்பத்திரியோ வேறெதுவோ, அன்றைக்கே போய்விடுங்கள்.

வயதானவர்களுக்கு முழங்காலில் இதே மாதிரி வந்தால் போலி கவுட் என்று ஒன்று உண்டு, அது கால்சியம் படிகம். இரண்டு கையிலும் சின்ன மூட்டுகள் ஜோடியாக வீங்கி, காலையில் விரல் மடக்க ஒரு மணி நேரம் ஆகிறதென்றால் சரவாங்கி, முடக்குவாதம் என்கிறோமே, அந்தப் பக்கம் யோசிக்க வேண்டும். 2006-இல் சிக்குன்குனியா வந்தபோது ஊரே நொண்டியது ஞாபகம் இருக்கும், அது காய்ச்சலோடு பல மூட்டைச் சேர்த்துப் பிடிக்கும்.

யாருக்கு வருகிறது? பெண்களுக்கு வருமா?

ஆண்களுக்குத்தான் அதிகம், முப்பது நாற்பதைத் தாண்டினால். பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கிறவரை ஈஸ்ட்ரோஜன் யூரிக் ஆசிட்டை வெளியேற்ற உதவுகிறது, நின்ற பிறகு வரலாம். இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் ஹிப்போகிரட்டிஸே இதைக் கவனித்து எழுதிவிட்டார். அறுபது வயது அம்மாவுக்கு வந்தால் பெரும்பாலும் பின்னால் ஒரு பிரஷர் மாத்திரை இருக்கும்: நீர் பிரிக்கிற வகை, தயசைடு, ஃபுரோசமைடு. இதயத்துக்குக் கொடுக்கிற குறைந்த அளவு ஆஸ்பிரினும் கூட்டும். டிபி மருந்தில் பைராசினமைடு நன்றாகவே ஏற்றும், டிபி சிகிச்சையில் இருப்பவர் ரிப்போர்ட்டில் 10, 11 பார்த்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், சாமி. மாத்திரைச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், மாற்ற வேண்டியதை டாக்டர் மாற்றுவார்.

அடிப்படைக் காரணம் என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேருக்குக் கிட்னி போதுமான அளவு வெளியேற்றாததுதான். அந்தச் சுபாவம் பெரும்பாலும் பரம்பரையில் வருவது.

கறி தின்றதால்தானே வந்தது?

என்னிடமும் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், கிடா விருந்தைக் காட்டி. பாதி உண்மை. யூரிக் ஆசிட்டில் மூன்றில் இரண்டு பங்கு உடம்பே செய்வது, சாப்பாட்டின் பங்கு மிச்சம்தான். அன்றைக்கு விருந்து சாப்பிட்ட இருநூறு பேரில் கால் வீங்கியது எனக்கு மட்டும்தான். பல வருஷமாகப் படிந்து கிடந்த வெடிமருந்துக்கு அந்தச் சாப்பாடு திரி கொளுத்தியது, அவ்வளவே. ஆனால் திரி கொளுத்துவதில் ஈரல், மூளை, சுவரொட்டி, குடல், நெத்தி​லி, மத்தி மாதிரியான மீன்கள் முன்னணியில் நிற்கும். பீர் அதைவிட மோசம், பியூரினும் இருக்கிறது, ஆல்கஹாலும் கிட்னியில் வழி மறிக்கிறது. பிராந்திக்கு மாறிவிட்டேன் என்று பெருமைப்படுகிறவர்களுக்கும் விடுதலை இல்லை. வெயிலில் உடம்பு நீர் வற்றுவது, ஒரேயடியாகப் பட்டினி கிடப்பது, ஆபரேஷன், அடிபடுவது இவையும் கிளப்பிவிடும்.

பருப்பு, கீரை, தக்காளி, காளான் எல்லாம் நிறுத்தணுமா?

வேண்டாம். இந்தப் பட்டியலைத்தான் எல்லோரும் போட்டோக்காப்பி எடுத்து வைத்திருக்கிறார்கள், பாவம் வீட்டில் சமைக்கிறவர்கள். 2004-இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 12 வருஷம் பின்தொடர்ந்தது. கறியும் கடல் உணவும் கவுட்டைக் கூட்டின, பியூரின் உள்ள காய்கறிகள் கூட்டவில்லை, பால் பொருட்கள் குறைத்தன. சாம்பாரை விட்டுவிட்டு எலும்பு ரோஸ்ட்டை வைத்துக்கொள்கிறவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. தக்காளி சாப்பிட்டால் தனக்குக் கிளம்புகிறது என்று ஒருவர் உறுதியாகக் கண்டுபிடித்திருந்தால் அவர் மட்டும் விட்டால் போதும்.

ஜிகர்தண்டா?

பால் நல்லது. சர்க்கரையும் சர்பத்தும் ஐஸ்கிரீமும்தான் சிக்கல். சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ், அது உடம்பில் உடைகிறபோதே யூரிக் ஆசிட் உண்டாகிறது. பாட்டில் கூல்டிரிங்க் தினமும் குடிக்கிறவர்கள் இதற்குத்தான் பயப்பட வேண்டும். விளக்குத்தூண் போகிற அன்றைக்கு ஒரு சின்ன கிளாஸ் என்றால் நான் குடிக்கிறேன்.

கண்வலிக்கிழங்கு கவுட்டுக்கு மருந்தாமே?

இது பாதி தெரிந்த ஆபத்தான சமாச்சாரம். கவுட் வலிக்குக் கொடுக்கிற கோல்சிசின் என்ற மருந்து நம் செங்காந்தளில் இருப்பது நிஜம், அதன் கிழங்குதான் கண்வலிக்கிழங்கு, தமிழ்நாட்டின் மாநிலப் பூ அதுதான். ஒட்டன்சத்திரம் பக்கம் கம்பிப் பந்தலில் கொடி ஏற்றி, விதைக்காகவே விவசாயம் செய்கிறார்கள், விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. ஆனால் கோல்சிசினுக்கும் விஷத்துக்கும் நடுவில் இடைவெளி மிகச் சின்னது. மாத்திரை அரை மில்லிகிராம் கணக்கில் வருகிறது, கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாரால் அளக்க முடியும்? வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று செத்தவர்கள் உண்டு. அரைத்துக் குடிக்கச் சொல்கிறவரைப் பார்த்தால் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்?

என் அப்பா பரோட்டா மாஸ்டர். வருஷத்துக்கு ஒன்று வந்த வலி, இரண்டு மாசத்துக்கு ஒன்றாக ஆனது. மெடிக்கலில் கலர் கலராகச் செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கல்லுக்கு முன்னால் நின்றார். பத்து வருஷத்தில் முழங்கையில் கோலிக்குண்டு அளவு ஒரு கட்டி வந்தது, காது மடலில் அரிசி மாதிரி இரண்டு. ஒருநாள் முழங்கைக் கட்டி கல்லின் ஓரத்தில் இடித்து உடைந்தது. சீழ் வரும் என்று பார்த்தால், வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகக் குழைந்து வந்தது. அத்தனையும் யூரேட். கடைசி வருஷங்களில் மாவு வீச அவருடைய விரல் மடங்கவில்லை. கிட்னியில் கல், கிட்னி கெடுவது என்று இன்னொரு பக்கமும் இருக்கிறது. வலி மாத்திரையை வருஷக்கணக்கில் தின்றாலும் கிட்னிக்குத்தான் அடி.

மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் போடணுமாமே?

திரும்பத் திரும்ப வருகிறவர்கள், கட்டி வந்தவர்கள் பெரும்பாலும் நீண்ட காலம் போட வேண்டியிருக்கும். யூரிக் ஆசிட்டை 6-க்குக் கீழே வைத்திருந்தால் படிந்த படிகமும் மெல்லக் கரையும். யூரிக் ஆசிட்டைக் குறைக்கிற "அல்லோபியூரினால்" என்ற மாத்திரை 1966-லிருந்து புழக்கத்தில் இருக்கிற பழைய மருந்து. ஆரம்பித்த முதல் சில மாதத்தில் வலி ஒருமுறை கிளம்பலாம், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். ஆனால் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு ஓடுங்கள், அது வேறு கதை.

டெஸ்டுக்கு வெறும் வயிற்றில் வரணுமா?

யூரிக் ஆசிட் மட்டும் என்றால் தேவையில்லை. சுகர், கொழுப்பும் சேர்த்து எழுதியிருந்தால்தான் வெறும் வயிறு. எப்படி வந்தாலும் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், நரம்பு சட்டென்று கிடைக்கும், நானும் இரண்டாவது தடவை குத்த வேண்டியிருக்காது.